இடித்துக் கட்டும் முன் கேட்க வேண்டியது

(நம் அறக்கட்டளையின் குடும்ப நல ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

நம் ஒன்றுகூடல்களில் வழக்கமாகப் படிப்பு உதவி, மருத்துவ உதவி, குமர் காரியம், ரமலான் அரிசி என்றுதான் பேசுவோம். இன்று பேருந்து நிலையம், சந்தை, சமுதாயக் கூடம் என்று பேசப் போகிறோம். ஒரு நல உதவி அறக்கட்டளைக்கு இதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. ஊரின் பொது இடம் ஒன்றை இடித்தால், அதன் ஓரத்தில் தேநீர்க் கடையோ பழக்கடையோ போட்டிருந்த குடும்பம் மூன்று மாதம் சமாளிக்கும். நான்காவது மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு மனு எழுதிக்கொண்டு நம்மிடம் வரும். அன்று நாம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஆறுதல் சொல்வோம். அதற்கு முன்பே, இடிக்கும் பேச்சு வந்த நாளிலேயே, அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மனுவுக்கே தேவை வந்திருக்காது. அந்தக் கேள்வி என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் குஜிலியம்பாறை வட்டத்தின் தலைமையிடம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் கூட. பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் இங்கேதான் வர வேண்டும். வருகிறவர்கள் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு டீ குடிக்கிறார்கள், பிள்ளைக்கு ஒரு பழம் வாங்குகிறார்கள், ஒரு நகல் எடுக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு நேரத்தை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. நம்மவர்களில் சந்தைக்குச் சந்தை துணிமூட்டை கொண்டு போகிறவர்கள் உண்டு. வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. கறிக்கடை, பிரியாணிக் கடை, பூட்டுச் சாவி, குடை ரிப்பேர் என்று கைத்தொழிலாய்ப் பிழைக்கிறவர்கள் உண்டு. இவர்கள் யாருக்கும் சொந்த மனையோ கட்டடமோ கிடையாது. பொது இடம்தான் இவர்களுடைய சொத்து. பத்திரத்தில் வராத சொத்து.

இப்போது தமிழ்நாடு முழுக்கப் பழைய பொது இடங்களைப் புதுப்பிக்கும் காலம். மத்திய அரசின் சீர்மிகு நகரத் திட்டம், அதாவது ஸ்மார்ட் சிட்டி, 2015 ஜூனில் தொடங்கியது. அப்போது தமிழக அரசு அனுப்பிய 12 நகரங்களின் பட்டியலில் நம் திண்டுக்கல்லும் இருந்தது. கடைசியில் 11 நகரங்கள் தேர்வாயின, திண்டுக்கல்லுக்கு வாய்க்கவில்லை. ஆனால் மதுரை, திருச்சி, தஞ்சாவூர், ஈரோடு என்று நம்மைச் சுற்றியுள்ள நகரங்களில் பேருந்து நிலையங்களும் சந்தைகளும் மண்டபங்களும் இடிக்கப்பட்டுப் புதிதாய் எழுந்தன. வேறு வேறு திட்டங்களின் பெயரில் அந்த வேலை சிறிய ஊர்களுக்கும் வந்துகொண்டே இருக்கிறது. நாளை நம் ஊருக்கும் வரலாம். வருவது நல்லதுதான். வரும்போது நாம் என்ன நிலையில் இருப்போம் என்பதை இன்றே யோசித்துக்கொள்வது அதைவிட நல்லது.

இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் நம் வீடுகளுக்குள்ளேயே இரண்டு கட்சி வந்துவிடும். படித்த பிள்ளைகள், “இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஒழுகுகிற கூரை? நல்ல கழிப்பறை வேண்டாமா? படிக்கிறதுக்கு ஒரு நூலகம், கல்யாணம் காட்சிக்குக் குறைந்த வாடகையில் ஒரு மண்டபம் வேண்டாமா?” என்று கேட்பார்கள். கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தா, “கட்டடம் வரும்டா, நம்ம கடை வருமா?” என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். பேருந்து நிலையத்தில் நல்ல கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலேயே நாள் முழுக்கப் பயணம் செய்கிற நம் பெண்களைக் கேட்டால் பிள்ளைகள் பக்கம் பேசுவார்கள். கடை போனவர்களைக் கேட்டால் அத்தா பக்கம் பேசுவார்கள். ஆகவே, கட்டலாமா வேண்டாமா என்று நமக்குள் சண்டை போடுவதில் பயன் இல்லை. வேறு ஊர்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரிய வரும். மூன்று ஊர்களைப் பார்ப்போம்.

முதலில் பக்கத்தில் இருக்கும் திருச்சி. காந்தி மார்க்கெட்டுக்குப் போகாதவர் நம்மில் குறைவு. பிரிட்டிஷ்காரர் காலத்துச் சந்தை. ஊர் பெருத்துவிட்டது, சந்தை பெருக்கவில்லை. இரவில் லாரி நுழைந்தால் தெரு அடைத்துக்கொள்ளும். மாற்ற வேண்டும் என்று அரசு நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. நகருக்கு வெளியே, மதுரை நெடுஞ்சாலைப் பக்கம் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாயில் காய்கறி, பழம், பூ வணிகத்துக்கான பெரிய வளாகம் ஒன்றைக் கட்டினார்கள். 2017-இல் திறந்தார்கள். ஆனால் வியாபாரிகள் போகவில்லை. கடைகள் சிறியவை, மூட்டை இறக்கி அடுக்க இடம் போதாது என்றார்கள். மொத்த வியாபாரத்தை அங்கே அனுப்பிவிட்டுச் சில்லறையை இங்கே வைத்தால் இரண்டுமே படுத்துவிடும் என்றார்கள். தூரம் அதிகம், சில்லறை வாங்குகிற சனம் வராது என்றார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது காந்தி மார்க்கெட் மூடப்பட்டது. வேறு இடத்தில் தற்காலிகமாக வியாபாரம் நடந்தது. மறுபடி திறப்பதா கூடாதா என்ற வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. வியாபாரிகளும் சுமைதூக்கும் தொழிலாளர்களும் மாதக்கணக்கில் போராடினார்கள். அந்த ஆண்டு நவம்பரில்தான் பழைய சந்தை திறந்தது. கள்ளிக்குடி வளாகமோ எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்குப் பயன்படாமலே கிடந்தது. பிறகு பஞ்சப்பூரில் வேறொரு மொத்தச் சந்தைக்கான பணி தொடங்கப்பட்டது.

சகோதரர்களே, 77 கோடி என்பது யாருடைய பணம்? நம் எல்லோருடைய வரிப் பணம். அது ஏன் இப்படிக் கிடந்தது? மூட்டை தூக்குகிறவரையும் தராசு பிடிக்கிறவரையும் உட்கார வைத்து, “ஒரு கடைக்கு எத்தனை அடி அகலம் வேண்டும்? லாரி எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?” என்று வரைபடம் போடும் முன்பே கேட்டு முடித்திருந்தால் அந்தக் குறைகளில் பாதி தாளிலேயே தீர்ந்திருக்கும். கட்டி முடித்த சுவரைப் பிறகு நகர்த்த முடியாது. வியாபாரிகள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே தங்கள் தேவையை அளவோடு, எழுத்தோடு கொடுத்துவிட்டால் வழக்குக்கும் போராட்டத்துக்கும் வேலை குறையும். மறுப்பதற்குத் திரளும் கூட்டம், திட்டம் போடுவதற்கும் திரள வேண்டும்.

இரண்டாவது ஊர் சென்னை. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் மூர் மார்க்கெட் என்று ஒரு சந்தை இருந்தது. 1898-இல் அடிக்கல் நாட்டி 1900-இல் திறந்தது. அன்றைய சென்னை மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் பெயரால் வந்தது. செந்நிறக் கட்டடம், உள்ளே பழைய புத்தகம், பொம்மை, நாட்டு மருந்து, வளர்ப்புப் பிராணி, எது கேட்டாலும் கிடைக்கும். நம் பெரியவர்களில் சென்னைக்குப் போனவர்கள் அங்கே போகாமல் திரும்பியிருக்க மாட்டார்கள். ரயில் நிலைய விரிவாக்கத்துக்கு அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு இருந்தது. அந்த நிலையில், 1985 மே 30-ஆம் நாள் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. தீ எப்படி வந்தது என்ற பேச்சு இன்று வரை ஓயவில்லை. அதற்குள் நாம் போக வேண்டாம். பிறகு நடந்ததைப் பார்ப்போம். அந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் எழுந்தது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் கட்டிய வளாகத்தில் கடை கொடுத்தார்கள். பழைய மார்க்கெட்டின் நினைவாக ஒரு சிறிய மாதிரிக் கட்டடம் மட்டும் ரயில் நிலைய வளாகத்தில் நிற்கிறது.

புறநகர் ரயில் வந்ததால் தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் பயன் அடைகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு வியாபாரிக்குக் கடை என்பது நாலு சுவர் மட்டும் அல்ல. வாடிக்கையாளர் வந்து போகும் பாதைதான் கடை. ரயிலில் இறங்கியவர் நேராக உள்ளே நுழைந்த சந்தை வேறு. விசாரித்துக்கொண்டு தேடி வர வேண்டிய வளாகம் வேறு. மாற்று இடம் கொடுத்தோம் என்று கோப்பில் எழுதிவிடலாம். பழைய வியாபாரம் கோப்போடு சேர்ந்து போய்விடாது. ஆகவே மாற்று இடம் உண்டா என்று கேட்டால் போதாது. எந்த இடம், எந்தப் பாதையில், எத்தனை நாளைக்கு, புதுக் கட்டடம் வந்தபின் அதே ஆளுக்குத் திரும்பி வர உரிமை உண்டா என்று கேட்க வேண்டும். இதுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன கேள்வி. இடிக்கும் நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் நடுவில் இவர் எங்கே இருப்பார், திறந்த நாளில் இவர் உள்ளே இருப்பாரா?

மூன்றாவது ஊர் கடல் கடந்தது. சிங்கப்பூரில் கேலாங் சிராய் என்ற பகுதி, நகர மையத்துக்கு வெளியே, மலாய் முஸ்லிம்கள் நெடுங்காலமாய்க் கூடி வாழ்ந்த இடம். சிராய் என்றால் மலாயில் எலுமிச்சைப் புல். ஒரு காலத்தில் அதைப் பயிரிட்ட தோட்டம் அங்கே இருந்தது. நோன்பு மாதத்தில் தெருவெல்லாம் விளக்கு போட்டு இரவுக் கடைகள் நடக்கும் இடம் என்று அங்கே வேலைக்குப் போய்வந்த நம் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்த இடத்தில் இரண்டு வகையான புதுப்பிப்பு நடந்தது. ஒன்று, 1980-களின் முடிவில் அரசு கட்டிய மலாய்க் கிராமம். பழைய மலாய்க் கிராம வீடுகளைப் போலவே கட்டி, சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டலாம் என்பது எண்ணம். பார்க்க அழகாய் இருந்தது. ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அங்கே வாழ்கிறவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையைக் காசு கொடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது? 2011-இல் அது மூடப்பட்டுப் பிறகு இடிக்கப்பட்டது. அதற்குப் பதில் அங்கே எழுந்தது விஸ்மா கேலாங் சிராய் என்ற ஐந்து மாடிச் சமுதாய மையம். 2018-இல் பயன்பாட்டுக்கு வந்தது. சமூக மன்றம், முதியோர் பராமரிப்பு, அந்தப் பகுதியின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம், விழாக்கள் நடத்தத் திறந்த முற்றம் எல்லாம் ஒரே இடத்தில். காட்சிப் பொருளாய் இருந்த இடம் புழங்குகிற இடம் ஆனது.

இன்னொன்று அதன் பக்கத்துச் சந்தை. 1964-இல் வந்த கேலாங் சிராய் சந்தையை 2006-இல் மூடினார்கள். மூடிய அன்றே வியாபாரிகளை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அருகிலேயே தற்காலிகச் சந்தை அமைத்து அதில் வியாபாரம் நடந்தது. 2009-இல் புதிய இரண்டு மாடிச் சந்தை திறந்தது. மூன்று ஆண்டு இடைவெளி, ஆனால் அடுப்பு அணையவில்லை. வாடிக்கையாளர் அதே பேருந்தில் வந்து, அதே தெருவில் இறங்கி, கொஞ்சம் தள்ளி நடந்தால் போதும்.

அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. நோன்பு மாதத்து பஜாரில் கடை வாடகை சாமானியருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்று பல ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. இடம் அழகாகும்போது வாடகையும் ஏறும். அப்போது பழைய சிறு வியாபாரி வெளியேறிப் பெரிய முதல் போடுகிறவர் உள்ளே வருவார். யாரும் விரட்டாமலேயே அவர் போய்விடுவார். இதையும் நாம் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

பெரியோர்களே, இது உலக விஷயம், மார்க்கத்தில் இதற்கு வழி இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டாம். நாம் அடிக்கடி கேட்ட வரலாறுதான். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்து பள்ளிவாசல் கட்ட ஓர் இடத்தைத் தேர்ந்தார்கள். அது ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமான, பேரீச்சம்பழம் உலர்த்தும் இடம். சிறுவர்கள் இலவசமாகவே தருகிறோம் என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சம்மதிக்கவில்லை. விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். கட்டப்போவது அல்லாஹ்வின் பள்ளி. கொடுக்கிறவர்கள் மனம் விரும்பிக் கொடுக்கிறார்கள். அப்படி இருந்தும் எளியவரின் ஹக்கு விலையில்லாமல் போகக் கூடாது என்று காட்டினார்கள். அந்தப் பள்ளிக்கே அப்படி என்றால், நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கும் மண்டபத்துக்கும் என்ன சட்டம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பின்னால் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது அதே பள்ளியை விரிவாக்க வேண்டி வந்தது. பக்கத்தில் நாயகத்தின் சிறிய தந்தை முறையான அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு. அவர்கள் தர மறுத்தார்கள். ஆட்சி உமர் (ரலி) கையில். தேவையோ பொதுத் தேவை. ஆனாலும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை நடுவராக வைத்து வழக்குப் பேசினார்கள். தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக வந்தது. அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமாகவே வீட்டை விட்டுக்கொடுத்தார்கள் என்று வரலாற்று நூல்களில் வருகிறது. உரிமை நிலைநாட்டப்பட்ட பிறகு மனம் தானாகத் திறந்தது. பொது நன்மை என்ற பெயரைச் சொல்லித் தனி ஆளின் உரிமையை மிதித்தால் மனம் திறக்காது. மஷ்வரா என்பதற்கு இதுதான் பொருள்: முடிவு செய்துவிட்டுக் கூப்பிடுவது அல்ல, கூப்பிட்டு முடிவு செய்வது.

சரி, இந்தக் கேள்வியை எங்கே போய்க் கேட்பது? நம் நாட்டுச் சட்டத்தில் கேட்பதற்கு இடம் இருக்கிறது, நாம்தான் போவதில்லை.

ஊராட்சியில் இருக்கிறவர்களுக்குக் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் பேசலாம், தீர்மானம் கேட்கலாம். குறைவெண் வரம்பும் உண்டு. 10,000 பேருக்கு மேல் உள்ள ஊராட்சியில் 300 பேராவது வர வேண்டும். நம் ஒன்றியத்தில் பாளையம் போலப் பேரூராட்சியும் இருக்கிறது. பேரூராட்சியில் வாழ்கிறவர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்து மன்றக் கூட்டத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டங்களில் நம் மஹல்லாவிலிருந்து எத்தனை பேர் உட்காருகிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பாருங்கள். பெண்கள் போவது அதைவிடக் குறைவு. கழிப்பறை எங்கே வேண்டும், விளக்கு எங்கே வேண்டும், கைக்குழந்தைக்குப் பாலூட்ட மறைவான இடம் எங்கே வேண்டும் என்று ஆண்கள் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். தாய்மார்கள் கட்டாயம் போக வேண்டும்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. ஒரு திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போதும். வரைபட நகல், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக் காலம், இப்போதுள்ள கடைக்காரர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று வைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம்.

மூன்றாவது, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் தெருவோரம் விற்பவர்களுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம். கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும் முன் விற்பனையாளரை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இதை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் விற்பனையாளர்களாகவே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சட்டம் இப்படிச் சொன்னாலும், கணக்கெடுப்பில் பெயர் இல்லாதவருக்கு அது உதவாது. ஆகவே தள்ளுவண்டி வைத்திருப்பவர், கூடையில் பூ விற்கும் அக்கா, செருப்புத் தைக்கும் பெரியவர் எல்லோரும் தங்கள் பெயரைப் பதிந்து அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். கொண்டுபோகும் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

கேட்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. இதை முஸ்லிம்களின் கோரிக்கையாகக் கொண்டு போகக் கூடாது. பேருந்து நிலையத்தில் நம் கடைக்குப் பக்கத்துக் கடை யாருடையது? பூக்கடை வேறொருவருடையது, டீக்கடை இன்னொருவருடையது. இடித்தால் எல்லோருக்கும் ஒரே நாள்தான். ஆகவே ஒரே மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஜமாஅத்தின் லெட்டர்பேடில் தனியாக ஒரு மனு போனால் அது ஒரு சமுதாயத்தின் விஷயமாகச் சுருங்கிவிடும். ஊர் மக்கள் மனுவாகப் போனால் ஊரின் விஷயமாக நிற்கும். முதல் கையெழுத்து நாம் போட வேண்டும் என்ற ஆசையும் வேண்டாம்.

வதந்தி விஷயத்திலும் கவனம் வேண்டும். சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்ததும், கோயம்பேடு பேருந்து நிலைய இடத்தை ஒரு பெரிய வணிக நிறுவனத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று கைப்பேசிகளில் செய்தி பறந்தது. அமைச்சரே வந்து அப்படி எதுவும் இல்லை என்று மறுக்க வேண்டியிருந்தது. இது போன்ற செய்திகள் மனிதர்களுக்குள் பகையைத்தான் வளர்க்கும். நம் வாட்ஸ்அப் குழுக்களில் வருவதை விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். பத்து ரூபாய் மனு இருக்கும்போது வதந்தி எதற்கு?

கடைசியாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கசப்பானது. வெளியே நியாயம் கேட்கப் போகிறவர்கள் உள்ளே நியாயமாக இருக்க வேண்டும். பொதுக் கடைகள் ஏலத்துக்கு வரும்போது வசதி உள்ளவர் நாலு பெயரில் நாலு கடை எடுத்து, ஏழைக்கு இரண்டு மடங்கு உள்வாடகைக்கு விடுவது பல ஊர்களில் நடக்கிறது. தொழுகையில் முன் வரிசையில் நிற்கிறவர் இதைச் செய்தால் அது இன்னும் பெரிய கேடு. பொது இடம் அமானிதம். இரண்டு கடை வைத்திருக்கிறவர் மூன்றாவதுக்குக் கை தூக்கும்போது, பக்கத்தில் ஒரு கடையும் இல்லாமல் நிற்கும் விதவைச் சகோதரியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதேபோல, நம் பள்ளிவாசல் கடைகளையும் மண்டபங்களையும் நாமே புதுப்பிக்கும்போது, அங்கே வாடகைக்கு இருக்கும் எளியவரிடம் இதே கேள்விகளுக்கு நாம் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். நடுவில் எங்கே இருப்பார்? திரும்பி வருவாரா? வாடகை எட்டுமா? நம் கையில் உள்ள இடத்தில் இதைச் செய்து காட்டினால்தான் அரசிடம் கேட்கும் குரலுக்கு வலு இருக்கும்.

நம் அறக்கட்டளை சார்பில் ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ். படிப்பு உதவி மனு எழுதித் தரும் நம் பிள்ளைகளே தகவல் உரிமை மனுவும் எழுதித் தருவார்கள். தெருவோர வியாபாரி அட்டைக்குப் படம், ஆதார் நகல், விண்ணப்பம் எல்லாம் தயார் செய்து தருவார்கள். எந்தச் சமுதாயத்தவர் வந்தாலும் செய்து தர வேண்டும். கட்டணம் கிடையாது. கிராம சபை நாளுக்கு முந்திய ஜும்ஆவில் நினைவூட்டும்படி இமாம் அவர்களைக் கேட்டுக்கொள்வோம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: உங்கள் கடை எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறது, வாடகை ரசீது இருக்கிறதா, மின் இணைப்பு யார் பெயரில் என்பதை இன்று இரவே தேடி எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இடிக்கும் இயந்திரம் வந்து நிற்கும் நாளில் பெட்டியைக் குடைந்து ரசீது தேட நேரம் இருக்காது.

நம் ஊருக்கு நல்ல கட்டடங்கள் வரட்டும். நிழல் உள்ள பேருந்து நிலையமும் சுத்தமான கழிப்பறையும் பிள்ளைகள் படிக்க ஒரு நூலகமும் வரட்டும். அவற்றின் திறப்பு விழா நாளில், அதுவரை அங்கே கூடை வைத்திருந்த அக்காவும் தள்ளுவண்டி வைத்திருந்த பாயும் தங்கள் இடத்தில் நின்று வியாபாரம் செய்துகொண்டிருக்க வேண்டும். அதற்கான முயற்சி நம்முடையது, பலன் தருபவன் அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. எளியவரின் உரிமையைப் பேணும் மனதை எங்களுக்கும் எங்களை ஆள்வோருக்கும் தருவாயாக. எங்கள் ஊர் மக்கள் அனைவரையும் ஒற்றுமையாக வாழச் செய்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.